குடிக்காமலேயே விட்டவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல, கேட்டு வாங்கியது. ஒரு கல்லூரியின் ஆண்டுமலர்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், மாணவர்களும் போதையும்னு ஒரு கதை வேணும். சின்னதா இருந்தாப் போதும். கடைசில ஒரு கருத்து கண்டிப்பா இருக்கணும். படிச்ச உடனே பசங்க திருந்திடணும்."

படித்தவுடன் ஆட்கள் திருந்துகிற மாதிரி எழுதத் தெரிந்தால் நான் முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருப்பேன். ஈரத்துண்டை மெத்தைமேல் போடுகிற மனிதர். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவன் தள்ளாடியபடி வகுப்புக்குள் நுழைந்தான். பேராசிரியரின் கண்கள்

(இங்கே நிறுத்தினேன். பேராசிரியரின் கண்கள் சிவக்கும். கதைகளில் வரும் பேராசிரியர்களின் கண்களுக்கு வேறென்ன வேலை தெரியும்?)

அந்த முதல் சிகரெட்டைப் பற்றவைத்தபோது அவனுக்குத் தெரியாது, அது தன்

(தெரியாதுதான். எனக்கும் தெரியவில்லை. விட்டுவிடுவோம்.)

விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள் சோபாவில் மல்லாந்து கிடந்தவள் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு.

"சித்தி, காலேஜ் பசங்கள நீ நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"ஏன், நீ இருக்கியே. எதிர்லயே."

"நாங்க யாரும் தள்ளாடிட்டு உள்ள வர மாட்டோம். நல்லா நிமிர்ந்து நடந்துதான் வருவோம். அதான் பிரச்சனையே."

அப்புறம் அவள் தங்கிப் படித்த வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னாள். யார் பெயரும் வரக் கூடாது, ஊர் வரக் கூடாது, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். "உங்கம்மா கதையெல்லாம் எங்க படிக்கிறா?" என்றேன். "தலைப்பு படிப்பாங்களே" என்றாள். அதனால் அக்கா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் மூடி வைத்துவிடு. இது வேறு யாரோ ஒருவரின் மகளைப் பற்றியது.

2

ஒரு வீட்டின் மாடி. அதில் நான்கு பெண்கள், பெயர் கூடாதென்பதால் பட்டப்பெயர்களோடு. நால்வரும் பல் மருத்துவம் கடைசி வருடம். கீழே வீட்டுக்காரம்மா, அவருக்குக் கண் மங்கல், ஆனால் காதும் மூக்கும் கத்தி மாதிரி.

தலைவி என்பவள் எதற்கும் முதலில் கை தூக்குகிறவள். "நான் குடிச்சா இந்தத் தெரு தாங்காது" என்று அடிக்கடி சொல்வாள். தெரு தாங்குமா தாங்காதா என்று சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் மட்டும் வாய்த்ததில்லை. வக்கீல் என்பவள் பகலில் நோயாளியிடம், "புகையிலைய விடுங்க, வாயில புண்ணு வந்தா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது" என்று கறாராகச் சொல்வாள். மாலையில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "அவர் மெல்றாரு. நான் ஊதுறேன். ரெண்டும் வேற வேற சட்டப் பிரிவு" என்பாள்.

மூன்றாமவள் இஸ்திரி. அவளுடைய வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் பார்த்தவர் கிடையாது. வகுப்பில் முதல் மாணவி. வீட்டில் பால் வாங்குவது, காஸ் தீர்ந்தால் சொல்வது, மற்ற மூன்று பேரையும் காலையில் எழுப்புவது எல்லாம் அவள்தான். அவள் கை புகழ்பெற்ற கை. ஊசியைப் பிடித்தால் பாறையில் செருகிய மாதிரி நிற்கும். பேராசிரியை மற்ற மாணவர்களைக் கூப்பிட்டு, "இந்தக் கையப் பாருங்க. கை இப்படி இருக்கணும்" என்று காட்டுவார்.

நான்காமவள் ஆமை. கதை இவளுடையது. எதையும் மெதுவாகச் செய்வாள். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பாதி உலகம் வேலைக்குப் போய்விடும்.

("நான் ஆமை இல்லன்னு போடு சித்தி."

"சரி, நீ ஆமை இல்லை."

"போட்டுட்டியா?"

போட்டுவிட்டேன்.)

இந்த இடத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டு வைத்தேன்: உங்கள் கல்லூரியில் குடிப்பவர்கள் எவ்வளவு பேர்?

"எல்லாரும்தான்."

"நீ?"

"நான் இல்ல."

"உன் கூட்டாளிங்க?"

"அவளுங்க... பேச்சுதான் ஜாஸ்தி."

"பின்ன யாருதான் அந்த எல்லாரும்?"

அவள் நெற்றியைச் சொறிந்தாள். இந்த 'எல்லாரும்' என்கிற ஆளை நானும் என் படிப்புக் காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கத்து அறையில் தட்டினாலும், "அவர் இங்க இல்ல, அடுத்த ரூம்ல" என்கிறார்கள். நம் மொழியும் இதற்கு உடந்தை. 'குடிப்பாளா?' என்றால் என்னத்தை என்று யாரும் கேட்பதில்லை. மோர் குடிப்பதும் குடிப்பதுதான், ஆனால் அதற்கு மட்டும் மோர் என்று எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. தண்ணீர் பாவம், அது 'தண்ணி போடுறது' ஆகி மானம் போய்க் கிடக்கிறது.

(கட்டுரை மாதிரி போகிறது என்கிறாள். திரும்பிவிடுகிறேன்.)

3

ஆமை முதல் வருடம் சேர்ந்த புதிதில் யாருடைய பிறந்தநாளுக்கோ ஒரு அறையில் கூடினார்கள். ஒரு கை அவள் முன்னால் டம்ளரை நீட்டியது. 'வேண்டாம்' என்றால் என்ன நடக்கும் என்று அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஏன், பயமா? வீட்டுல திட்டுவாங்களா? பால் வேணுமா பாப்பா? அவளுக்கு முன்னால் வேண்டாம் என்றவளை அப்படித்தான் சுற்றி நின்று கேட்டார்கள். அந்தப் பெண்ணும் கடைசியில் வாங்கிக் குடித்துவிட்டு இருமினாள்.

ஆமை மெதுவாக யோசித்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"வேணாம்டி. நான் விட்டுட்டேன்."

டம்ளரை நீட்டிய கை தானாகப் பின்வாங்கியது, அதுவும் மரியாதையாக.

"எப்ப?"

"ஸ்கூல்லயே."

அவ்வளவுதான். ஆமையின் வாழ்க்கை மாறிவிட்டது. குடிப்பவளை ஒரு கூட்டம் மதிக்காது, குடிக்காதவளை இன்னொரு கூட்டம் மதிக்காது. விட்டவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் நாற்காலி. எல்லாம் பார்த்தவள், அடிபட்டவள், வாயைத் திறந்து சொல்ல மாட்டாள் என்று பேர் வந்தது. கீழ் வகுப்புப் பெண்கள் இரகசியமாக வந்து, "அக்கா, எதோட எதக் கலக்கக் கூடாது?" என்று கேட்பார்கள். ஆமை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "வெறும் வயித்துல மட்டும் கூடாது" என்பாள். மாத்திரை முதல் மாம்பழம் வரை எதற்கும் பொருந்துகிற புத்திமதி. அவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரு சொட்டு தொட்டதில்லை அவள். வாசனைகூடத் தெரியாது.

4

கடைசி வருட எழுத்துத் தேர்வுக்கு முன்னால் தலைவி தன் அத்தை மகனிடமிருந்து ஒரு பாட்டிலை வாங்கி வந்தாள். அலமாரியின் உச்சியில், பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் அச்சுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். அதன் பின்னால் ஒளித்து வைத்தாள். தேர்வு முடிந்த மறுநாள், சனிக்கிழமை மதியம் திறப்பது என்று முடிவு. அன்று வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குப் போகிறார்.

"ஆமை, நீதான் ஊத்தித் தரணும். உனக்குத்தான் அளவு தெரியும்" என்றாள் தலைவி. அதோடு விட்டிருக்கலாம். "இந்த ஒரு தடவ எங்களுக்காக நீயும் கொஞ்சம் எடுத்துக்கோ. கடைசி வருஷம்டி."

ஆமை மெதுவாகத் தலையாட்டி வைத்தாள். ஒரு வாய் விழுங்கினால் போதும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு வருடத்துப் பெருமை ஒரு இருமலில் போய்விடும்.

சனிக்கிழமை காலை மற்ற மூவரும் தின்பண்டம் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்கள். ஆமை இன்னும் தலை துவட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படி இறங்கியதும் ஆமை நாற்காலி போட்டு ஏறி, பல் அச்சுகளை ஓரம் தள்ளிப் பாட்டிலை எடுத்து, குளியலறைக்குக் கொண்டு போனாள். மூடி சுலபமாகத் திறந்துகொண்டது. முகர்ந்து பார்த்தாள்.

இவ்வளவுதானா? ஏதோ ஆறிப்போன டீ மாதிரி அல்லவா இருக்கிறது. இதற்கா ஊரும் உலகமும் இந்தப் பாடு படுகிறது என்று நினைத்தபடி கடைசிச் சொட்டுவரை கொட்டிக் கழுவிவிட்டாள். பிறகு அடுப்பை மூட்டி, பால் விடாமல் டீ போட்டு, வடிகட்டி, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்து, ஆறவைத்துப் பாட்டிலில் நிரப்பினாள். டீ என்றால் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும், போய்விட்டது. பாட்டில் மறுபடி பல் அச்சுகளுக்குப் பின்னால் ஏறியது.

(கண்டுபிடித்துவிட்டீர்களா? சத்தம் போடாதீர்கள். ஆமைக்கு இன்னும் தெரியாது. அவள் மெதுவாகத்தான் வருவாள்.)

5

மதியம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். எவர்சில்வர் டம்ளர்கள். ஆமை தேர்ந்தவள் மாதிரி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள்.

தலைவி ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். "அப்பா! எரிஞ்சுட்டே இறங்குதுடி!"

வக்கீல் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "நல்ல சரக்கு. அடில ஒரு இனிப்பு தெரியுது பாரு, அதான் அடையாளம்."

இரண்டாவது டம்ளரில் தலைவிக்கு நாக்குக் குழறியது. மூன்றாவதில் அழ ஆரம்பித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கடி. ஒவ்வொரு பல்லப் பிடுங்குறப்பவும் நான் கண்ண மூடிக்கிறேன்! ரத்தம் பாத்தா எனக்கு ஆகாது!" என்று தரையில் உட்கார்ந்து, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கேவினாள். அவளிடம் பல்லைக் கொடுத்த நோயாளிகள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

வக்கீல் கட்டில்மேல் ஏறி நின்றாள். எதிரில் இருந்த அலமாரியை நீதிபதியாக்கிக்கொண்டு, சிகரெட் பிடிக்கும் பெண்கள் சார்பில் வாதாடத் தொடங்கினாள். "கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரி" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில், "என் கட்சிக்காரி இதுவரைக்கும் ஒரு புகையக்கூட உள்ள இழுத்ததில்ல, சும்மா பிடிச்சுட்டு நிக்கிறா!" என்று அவளே சாட்சியும் சொல்லி வழக்கைத் தோற்றுவிட்டாள்.

டீ. வெறும் டீ.

ஆமைக்கு இது எதிர்பாராத விருந்து. தானும் கொஞ்சம் தலையைத் தொங்கவிட்டு, வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசினாள். அவள் எப்போதுமே அப்படித்தான் பேசுவாள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இஸ்திரி மட்டும் தின்பண்டத் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் தொட மாட்டாள் என்பது ஊரறிந்தது, வற்புறுத்துவதுகூட இல்லை. அன்றைக்குத் தலைவி விடவில்லை. "ஒரே ஒரு வாய்டி, என் மேல சத்தியம்" என்று டம்ளரை அவள் உதட்டில் வைத்தாள். இஸ்திரி ஒரு வாய் விழுங்கினாள். முகம் சுளிக்கவில்லை, இருமவில்லை. டம்ளருக்குள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஆமை, கொஞ்சம் சமையல்கட்டுக்கு வா."

6

இஸ்திரி குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள்.

"சக்கரை போட்டியா?"

"என்ன சக்கரை?"

"நான் ஊத்தி வச்சதுல சக்கரை இல்ல."

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடி சொல்லு" என்றேன். அக்கா மகள் மறுபடி சொன்னாள்.)

ஆமைக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. காலையில் தான் குளியலறையில் கொட்டியது எதுவோ அது சாராயம் இல்லை, டீ. அதற்கு முன்னால் அந்தப் பாட்டிலில் இருந்ததை ஒருத்தி குடித்துத் தீர்த்துவிட்டு டீயை ஊற்றி வைத்திருக்கிறாள். பால் வாங்கி, எல்லோரையும் எழுப்பிவிட்டு, கோட்டுக்கு இஸ்திரி போடுகிற ஒருத்தி. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று சொல்வார்களே, அந்தப் பூனை.

"முழு பாட்டிலுமா?"

"ஒரே நாள்ல இல்ல. பரீட்சை நேரத்துல எல்லாரும் வீட்டுலயே இருந்தீங்க. வெளிய போய் வாங்க முடியல."

பல் படிக்கிறவர்கள் வீட்டில் வாய் கொப்பளிக்கும் மருந்து வாசனை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்காரம்மாவின் மூக்கே அதில் தோற்றிருந்தது.

இஸ்திரி வலது கையைச் சமையல் மேடைமேல் விரித்து வைத்தாள். கை நடுங்கியது. பெரிதாக இல்லை, மேடைமேல் வைத்த செல்போன் அழைப்பு வந்தால் அதிருமே, அப்படி.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் இல்ல. அதான். ஒரு வாய் உள்ள போனா நின்னுடும். அப்புறம் மேடம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாங்க."

"எப்பலேருந்து இது?"

"முதல்முதலா பல்லு பிடுங்கச் சொன்னப்ப பயத்துல கை உதறிச்சு. சீனியர் ஒருத்தர் ஒரு மடக்கு குடிச்சுட்டுப் போன்னாரு. போனேன். கை நின்னுது. இப்ப பயமே இல்ல ஆமை. பயம் எப்பவோ போயிடுச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது."

கையை எடுத்துக் கோட்டுப் பையில் வைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டில் கோட்டு போட்டிருக்கவில்லை என்பது அப்புறம்தான் அவளுக்கே தெரிந்தது. பிறகு கேட்டாள்:

"உன்கிட்ட கேக்கணும் கேக்கணும்னு எத்தன தடவ உன் கட்டில் வரைக்கும் வந்திருக்கேன் தெரியுமா? நீ எப்படி விட்ட?"

எதற்கும் அவசரப்படாத ஆமை இதற்கு மட்டும் உடனே பதில் சொன்னாள்.

"நான் விடல."

"இன்னும் குடிக்கிறியா?"

"குடிச்சிருந்தாத்தானேடி விடறதுக்கு!"

இஸ்திரி குழாயை மூடினாள்.

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. அன்னைக்கு அவளுங்க கிண்டல் பண்ணக் கூடாதுன்னு சொன்னது."

"கிளாஸ்ல எனக்கு முன்னால உக்காருவ. உன் முதுகையே பாத்துட்டிருப்பேன். இவ ஸ்கூல்லயே விட்டிருக்கா, இவளால முடிஞ்சுது, நமக்கும் ஒரு நாள் முடியும்னு." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

கூடத்திலிருந்து தலைவி கத்தினாள்: "ஏய், இன்னும் கொஞ்சம் ஊத்துங்கடி! எனக்கு இன்னும் நிதானம் இருக்கு!"

7

ஆமை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவர் கண்களிலும்

"கட்டிப்பிடிக்கல சித்தி. ரெண்டு பேரும் பாத்திரம் கழுவினோம்."

"கழுவினோமா? கழுவினாங்களா?"

"...கழுவினாங்க."

(எழுதிய வரியை அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.)

எனக்கு இந்த ஆமைமேல் நம்பிக்கை போய்விட்டது. பொய்யை வைத்து நான்கு வருடம் குளிர்காய்ந்தவள். இவளைக் கதாநாயகி என்று எப்படி நிறுத்துவது? ஒரு யோசனை வந்தது: ஆமை பொய்யைத் தொடர்ந்தால் என்ன? 'நான் விட்டது இப்படித்தான்' என்று ஒரு வழியைக் கற்பித்துச் சொல்லி, இஸ்திரி அதை நம்பி, நம்பியதாலேயே விட்டுவிட்டால்? அழகான கதை. எழுதவும் செய்தேன். அக்கா மகள் படித்துவிட்டு, "செத்திருப்பா" என்றாள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்புகூட வருமாம். ஒரு பக்கம் கிழித்துப் போட்டேன்.

இதற்கு நடுவே ஆண்டுமலர்க்காரர் கூப்பிட்டார். கதை எதுவரை வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"குடிக்கிறது பையனா இருக்கட்டும் மேடம். பொண்ணுன்னா பெத்தவங்க வருத்தப்படுவாங்க."

"பையன்னா வருத்தப்பட மாட்டாங்களா?"

"அது பழகிட்டாங்க மேடம்."

8

இஸ்திரி ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொடவில்லை. திங்கட்கிழமையும் தொடாமலே மருத்துவமனைக்குக் கிளம்பினாள். ரோஷம். 'யாரும் விடாததை நானே விட்டுக் காட்டுகிறேன்' என்கிற மாதிரி ஒரு நடை. ஆமை பின்னாலேயே ஓடினாள். அவள் ஓடிய சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வீட்டில் திருடன் புகுந்துவிட்டானா என்று கேட்டார்.

இஸ்திரியின் நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர், வாயைக் குகை மாதிரி திறந்து வைத்திருந்தார். இஸ்திரி மரப்பு ஊசியை எடுத்தாள். அடுத்த நாற்காலியில் இருந்த ஆமை பார்த்தாள்: ஊசி முனை காற்றில் சின்னச் சின்ன வட்டம் போடுகிறது. இஸ்திரி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு கையும் நடுங்கின. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஊசி அவர் உதட்டை நெருங்கியது.

பொத்தென்று ஒரு சத்தம்.

ஆமை விழுந்துவிட்டாள். கருவித் தட்டு கூடவே சரிந்து வாய்க்கண்ணாடியெல்லாம் தரையில் உருண்டது. ஒன்றும் ஆகவில்லை அவளுக்கு. ஆனால் அவளுடைய வாழ்நாளிலேயே அவள் இவ்வளவு வேகமாகச் செய்த காரியம் வேறில்லை. டிரைவர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தோடி வந்து, "தண்ணி கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க" என்று கூச்சல் போட்டார்.

பேராசிரியை வந்தார். "காலைல சாப்பிட்டாளா இவ?"

"வெறும் வயிறு மேடம்" என்றாள் ஆமை, மயக்கத்திலேயே.

"யாராவது இவளக் கூட்டிட்டுப் போங்க."

ஆமையின் கை ஏற்கெனவே இஸ்திரியின் கோட்டு நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. கசங்கக் கசங்கப் பிடித்திருந்தது. டிரைவரின் பல்லைப் பேராசிரியையே பிடுங்கினார்.

தாழ்வாரம் திரும்பியதும் ஆமை நிமிர்ந்து நடந்தாள். அதே வளாகத்தில் இருந்த பெரிய மருத்துவமனையின் பின்கட்டில் போதை மீட்புப் பிரிவு இருந்தது. பலகையைப் பார்த்ததும் இஸ்திரி நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வர மாட்டேன்."

"உன்ன யாரு வரச் சொன்னா? எனக்குக் காட்டணும். துணைக்கு வா."

சீட்டு எழுதுகிறவர், "யாருக்கு?" என்றார். "எனக்கு" என்றாள் ஆமை.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் பாதி கடித்த பிஸ்கட்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஸ்கூல்லயே டாக்டர்."

"என்ன குடிப்பீங்க?"

"எல்லாத்தையும் கலந்து."

"எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர். எவர்சில்வர் டம்ளர்."

மருத்துவர் தலை நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். "கை நடுக்கம் இருக்கா? எப்ப வரும்?"

"குடிச்ச உடனே வரும் டாக்டர்."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. இஸ்திரி வகுப்பின் முதல் மாணவி. தவறான விடையைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்து பழக்கமில்லாதவள்.

"குடிச்ச உடனே இல்ல" என்றாள் மெதுவாக. "குடிக்காதப்ப. காலைல எழுந்ததும்."

மருத்துவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமையிடமே கேட்டார். "தூக்கம்?"

"படுத்தாப் போதும் டாக்டர், அடிச்சுப் போட்ட மாதிரி."

"வராது. வந்தாலும் உடம்பெல்லாம் வேர்த்து முழிப்பு வந்துடும்."

"சாப்பாடு?"

"நல்லா..."

"இறங்காது. காலைல குமட்டும். பல் தேய்க்கிறப்ப வாந்தி வரும். குழாயத் திறந்து விட்டுக்குவேன், அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு." இஸ்திரி நிறுத்தினாள். 'விட்டுக்குவேன்' என்று சொல்லிவிட்டது அவளுக்கே கேட்டுவிட்டது.

மருத்துவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இஸ்திரிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். ஆமையிடம், "துணைக்கு வந்தவங்க வெளிய உக்காரணும்மா" என்றார்.

9

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி வார்டில் படுத்தாள், மாத்திரை சாப்பிட்டாள். வெளியே வந்ததும் பேராசிரியையிடம் தானே போய்ச் சொன்னாள். பேராசிரியை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "நோயாளி பக்கம் இப்ப வராத. பிளாஸ்டர்ல அச்சு வார்த்துட்டு இரு. டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வா. அதுக்கு முன்னால வந்தா நானே வெளிய அனுப்பிடுவேன்" என்றார். செய்முறைத் தேர்வுக்குப் போகாததால் இஸ்திரியால் அந்த வருடம் மற்றவர்களோடு தேர்ச்சி பெற்று வெளியேற முடியவில்லை. முதலிடம் வேறு யாருக்கோ போனது. நடுவில் வீட்டுக்குப் போனபோது ஒரு முறை மறுபடி குடித்தாள். குடித்துவிட்டு அவளே ஆமையைக் கூப்பிட்டு, "குடிச்சுட்டேன்" என்றாள். ஆமை பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தாள். திட்டவில்லை, வழியெல்லாம் ஏதோ பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்களாம்.

தலைவியிடம் அன்றைக்குக் குடித்தது டீ என்று சொன்னார்கள். இன்றுவரை நம்பவில்லை. "மறுநாள் எனக்குத் தலைவலியே வந்துச்சுடி!" என்கிறாள். வக்கீல் ஜன்னலோரம் போவதில்லை. தன் கட்சிக்காரி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னாள். ஆமையிடம் யாராவது டம்ளரை நீட்டினால், "நான் குடிக்க மாட்டேன். குடிச்சதும் இல்ல" என்கிறாள். பெரிய கேலி வரும் என்று பயந்திருந்தாள். டம்ளர் பேசாமல் அடுத்தவளுக்குப் போனது. இவ்வளவுதானா என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

சரி, முடிவு.

அன்றிலிருந்து இஸ்திரி அதைத் தொடவேயில்லை.

"சித்தி, 'அன்றிலிருந்து'ன்னு போடாத. அவ படிச்சா பயந்துடுவா. அவ்வளவு பெரிய வார்த்தையத் தூக்கி அவ தலைல வைக்காத."

அவள் கை மறுபடி நடுங்கியது. ஊசி

"அதுவும் வேணாம். அதப் படிச்சாலும் பயந்துடுவா."

"பின்ன நான் என்னதான் எழுதறது? அந்த ஆள் கருத்து கேக்கிறாரு."

"நிறுத்திடு. அவளே இன்னும் முடிக்கல. உனக்கு என்ன அவசரம்?"

இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாளே என்று அவளைச் சற்று உற்றுப் பார்த்தேன். நீங்களும் இந்நேரம் சந்தேகப்பட்டிருப்பீர்கள். கேட்டேவிட்டேன்: "உண்மையச் சொல்லு. இதுல நீ யாரு?"

"கீழ் வீட்டுக்காரம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி சோபாவில் படுத்துக்கொண்டாள். போர்வைக்கு வெளியே தெரிந்த கையை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். தூங்குகிறவர்கள் கை மாதிரிதான் இருந்தது.

இஸ்திரி இப்போது மறுபடி நோயாளிகளைப் பார்க்கிறாள். மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேராசிரியையும் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். அவளுடைய பிரிவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. அதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் நீங்கள்தான். உயிர் போகிற வலி. உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவ்வளவு தூரம் படித்த வினை, உங்களுக்கு மட்டும் தெரியும். கதவு திறந்து உங்களைக் கூப்பிடுகிறாள். போய் நாற்காலியில் சாய்கிறீர்கள். விளக்கை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்புகிறாள். ஊசியை எடுக்கிறாள்.

"வாயத் திறங்க" என்கிறாள்.

இனி உங்கள் பாடு.